கடற்கரையும் கடைமடைதான்!

(நாகை வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர்களும் மீனவர்களும் கலந்துகொண்ட வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் நாற்று நடுகிற கைகளும் இருக்கின்றன. வலை இழுக்கிற கைகளும் இருக்கின்றன. பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடல் அரிப்பு. இதைக் கேட்டதும் விவசாயத் தோழர்கள், "இது மீனவர் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைக்கக் கூடும். மீனவத் தோழர்கள், "கல் கொட்டச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம், கல் வந்தால் போதும், இதற்கு வகுப்பு எதற்கு?" என்று நினைக்கக் கூடும். இரண்டு நினைப்பும் சரியல்ல. ஏன் சரியல்ல என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கடல் எவ்வளவு தின்கிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான காலத்துக்கு நாட்டின் கடற்கரையை அளந்து பார்த்தது. இந்தியப் பெருநிலத்தின் கரையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.6 சதவீதம், அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் அளக்கப்பட்ட 991 கிலோமீட்டரில் ஏறத்தாழ 423 கிலோமீட்டர் அரிபடுகிறது, சதவீதத்தில் 42.7. பத்து மைல் நடந்தால் நாலு மைலுக்கு மேல் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிற கரை என்று பொருள். இது எதிர்க்கட்சிக்காரர்கள் போட்ட கணக்கல்ல. நாடாளுமன்றத்தில் சர்க்காரே வைத்த கணக்கு.

நமது டெல்டாவின் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கொள்ளிடத்து முகத்துவாரத்தில் கொடியம்பாளையம், பழையாறு. அங்கிருந்து திருமுல்லைவாசல், பூம்புகார், வானகிரி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று இறங்கிக் கோடியக்கரை வரை வருகிறோம். தரங்கம்பாடியில், பாண்டியர் காலத்தில் சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும் பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிச்சமிருப்பதைக் கல்லடுக்கித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் அதே கரையில்தான் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

கோயில் போனால் கல்வெட்டாவது படி எடுத்து வைத்திருக்கிறார்கள். குப்பத்தில் ஒரு வீடு போனால்? வலை உலர்த்துகிற இடம் போனால்? படகை இழுத்து ஏற்றிவைக்கக் கரையே இல்லாமல் போனால்? கரைவலை இழுப்பதற்கு மணற்பரப்பு வேண்டும். மணற்பரப்பு குறுகினால் கரைவலைத் தொழில் செத்துப்போகிறது. அதைப் படியெடுத்து வைப்பார் யாருமில்லை.

கரை ஒரு குதிர்

கடல் ஏன் தின்கிறது? "கடல் மாதாவின் கோபம்" என்று சிலர் சொல்வார்கள். "உலகம் சூடாகிறது, கடல் உயர்கிறது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று படித்தவர்கள் சொல்வார்கள். கடல் உயர்வது உண்மை. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் கூடிவருகிறது. எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்து லாபம் பார்த்த நாடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் இதில் முதல் பொறுப்பு உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் உலகத்தின் மேல் போட்டுவிட்டு, உள்ளூர்க் குற்றவாளிகள் தப்பித்துக்கொள்ள நாம் விடக்கூடாது.

கரை எதனால் ஆனது? மணலால் ஆனது. மணல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆறு கொண்டுவந்தது. குடகிலும் மைசூர் மேட்டு நிலத்திலும் கொங்கு நாட்டிலும் மழையில் கரைந்த பாறையும் மண்ணும் காவிரியோடு உருண்டு வந்து, வண்டல் வயலில் தங்கியது. மணல் முகத்துவாரத்தில் இறங்கியது. தஞ்சை மண் முழுவதும் இப்படி ஆறு போட்ட மண்தான். நெல் விளையும் வயலும், வலை உலர்த்தும் கரையும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்.

முகத்துவாரத்தில் இறங்கிய மணல் அங்கேயே நிற்பதில்லை. அலை கரையில் சாய்வாக வந்து மோதுகிறது. மோதும்போதெல்லாம் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. தெற்கத்திக் காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே போகிறது. வாடைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. சோழமண்டலக் கரையில், வருஷக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வடக்கே போவதே அதிகம்.

ஆகவே, கரையை ஒரு குதிராக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நெல் கொட்டுகிறோம்; கீழே வாயைத் திறந்து எடுக்கிறோம். கொட்டுவதும் எடுப்பதும் சமமாக இருந்தால் குதிர் நிறைந்தே இருக்கும். எடுப்பது நடந்துகொண்டே இருக்க, கொட்டுவது நின்றுபோனால்? ஒருநாள் குதிரின் அடி தெரியும். கடல் அரிப்பு என்று நாம் சொல்வது, குதிரின் அடி தெரிகிற காட்சிதான்.

கொட்டுவதை நிறுத்தியது எது?

முதலாவதாக, அணைகள். 1930களின் தொடக்கத்தில் கிருஷ்ணராஜசாகர் எழுந்தது. 1934இல் மேட்டூர் எழுந்தது. பின்னர் பவானிசாகர், கபினி, ஹேமாவதி என்று வரிசையாக வந்தன. அணை தண்ணீரை மட்டுமா நிறுத்துகிறது? தண்ணீரோடு வரும் மண்ணையும் நிறுத்துகிறது. நீர் தேங்கி நிற்கும் இடத்தில் மணல் அடியில் படிந்துவிடும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று ஏட்டில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி இன்றைக்கு வண்டலுக்குச் சொந்தம். அணை கட்டி எண்பது வருஷங்களுக்கு மேல் ஆன பிறகு, 2017இல்தான், அங்கே தூர் வாரும் வேலை முதல் முதலாகத் தொடங்கியது.

நாம் அணைக்கு விரோதிகளா? இல்லை. மேட்டூர் அணை லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் கொடுத்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் ஓரளவு கட்டுப்படுத்தியது. அணை கட்டியதில் குற்றமில்லை. அணைக்குப் பின்னால் சிக்கும் மண்ணைப் பற்றி ஒருவரும் கணக்கு வைக்காததுதான் குற்றம்.

இரண்டாவதாக, மணல் கொள்ளை. அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் கிடந்த பழைய மணலாவது கடலுக்குப் போயிருக்கலாம். அதையும் விட்டுவைக்கவில்லை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் பொக்லைன் இறக்கி, இரவென்றும் பகலென்றும் பாராமல் லாரி லாரியாக அள்ளினார்கள். பட்டணத்து அடுக்குமாடிகளாக எழுந்து நிற்பது எது? நமது கரையின் பங்கு மணல். மாட்டு வண்டியில் மணல் அள்ளிப் பிழைத்த ஏழைத் தொழிலாளி மீது வழக்கு. இயந்திரம் வைத்து ஆற்றையே தோண்டியவனுக்குப் பாதுகாப்பு. இதுதான் நாம் பார்த்துவந்த நியாயம்.

2018 ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836இல் கட்டிய அணை. வயதாகிவிட்டது என்று சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்தியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். வயதும் இருக்கலாம். ஆனால் அடியில் மண் பறிபோனால் கட்டிடத்துக்குப் பிடிப்பு இருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள இன்ஜினீயர் பட்டம் தேவையில்லை. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

இங்கே ஒரு கேள்வி வரும். "காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலையே சொல்கிறதே! அப்போது மேட்டூர் அணையா இருந்தது? பொக்லைனா இருந்தது?" நியாயமான கேள்வி. ஆற்று முகத்துக் கரை ஒருபோதும் அசையாமல் நின்றதில்லை. ஆறு ஒரு கிளையை விட்டு இன்னொரு கிளைக்குப் போகும். விட்ட கிளையின் வாயைக் கடல் தின்னும். புதிய கிளையின் வாயில் நிலம் வளரும். ஓரிடத்தில் போனது இன்னோரிடத்தில் வந்தது. இன்றைய நிலைமை வேறு. போவது போகிறது, வருவது வரவில்லை. அன்றைக்கு நடந்தது குடி மாற்றம். இன்றைக்கு நடப்பது பட்டினி. இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக்கூடாது.

வயலுக்கு என்ன வந்தது?

விவசாயத் தோழர்களே, இனி உங்கள் பக்கம் வருவோம். கரை மெலிந்தால் முதலில் குப்பம் போகும், அடுத்தது வயல். கடலோர வட்டங்களில் வயலுக்கும் கடலுக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவு. மணல்மேடு கரைந்தால் புயல் நாளில் உப்புநீர் நேரே வயலுக்குள் நுழைகிறது. ஆற்றில் நல்ல தண்ணீர் வராத நாட்களில் கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறுகிறது. நிலத்தடி நீரும் உப்பாகிறது. வேதாரண்யம், தலைஞாயிறு, சீர்காழிப் பக்கத்துத் தாய்மார்களைக் கேளுங்கள். குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். ஒரு பக்கம் கரையில் மணல் இல்லை. மறு பக்கம் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. இது எப்படி? ஆற்றில் வேகமாகத் தண்ணீர் வந்தால் வாய் திறந்திருக்கும். தண்ணீர் வராவிட்டால், அலை பக்கவாட்டில் நகர்த்தும் மணல் வாயை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வயலில் தேங்கிய நீர் வடிய வழியில்லை. சம்பாப் பயிர் மூழ்கி அழுகுகிறது. மீனவனுடைய படகு வாயைத் தாண்டிக் கடலுக்குப் போகவும் வழியில்லை. ஒரே அடைப்பு, இருவருக்கும் நஷ்டம்.

கல் கொட்டினால் தீருமா?

கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் ஜனங்கள் கல் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். வீடு போகிறவனிடம் தத்துவம் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல் சுவர் தன் பின்னால் இருப்பதைக் கொஞ்ச காலம் காக்கும். முன்னால் இருக்கும் மணலைக் காக்காது. அலை சுவரில் மோதித் திரும்பும்போது அடியில் உள்ள மணலை வாரிக்கொண்டு போகும். நாளாவட்டத்தில் கரை மறையும். கல்லும் சரிந்து உள்ளே இறங்கும். மறுபடி கல் கொட்ட வேண்டும். காண்டிராக்டருக்கு இது வற்றாத கிணறு. சுவர் முடிகிற இடத்தில் அடுத்த ஊரின் கரை வேகமாக அரிபடும்.

தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டிக் கட்டுகிறார்களே, அது வேறு விதம். அது நகரும் மணலைப் பிடித்து நிறுத்தும். தெற்குப் பக்கம் கரை வளரும். வடக்குப் பக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகாது. அங்கே கரை தேயும். ஆகவே அந்த ஊர்க்காரனும் ஒரு தூண்டில் வளைவு கேட்பான். அதற்கு வடக்கே இருப்பவனும் கேட்பான். அண்ணன் வாய்க்காலை மறித்தால் தம்பி வயல் காய்வது போலத்தான் இது.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் 1876இல் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் புகுந்தது. காற்று வாங்குகிறவர்களுக்கு மணற்பரப்பு கிடைத்தது. மீன் பிடிக்கிறவர்கள் வீடிழந்தார்கள். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. நகரத்தின் அழகான கரை போயிற்று, கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் குப்பங்களைத் தின்னத் தொடங்கியது. பிறகு 2018இல் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததும் நகரத்தின் ஒரு பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்தது. மணலோடு சேர்ந்து வேலை செய்தால் பலன் உண்டு என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் குப்பங்களுக்குக் கணக்குத் தீர்ந்ததா? தீரவில்லை.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் செல்லானத்தில், ஜனங்கள் வருஷக் கணக்கில் போராடிய பிறகு, இடதுசாரி சர்க்கார் 344 கோடி ரூபாய் செலவில் 7 கிலோமீட்டருக்கு மேல் நாற்கால் கான்கிரீட் கட்டைகளால் சுவர் எழுப்பியது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் கடல் புகுந்த ஜனங்களுக்கு அது பெரிய நிம்மதி. அதே நேரத்தில், சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலிப் பகுதி ஜனங்கள் தங்களுக்கும் சுவர் வேண்டுமென்று போராட வேண்டியிருந்தது. நமது சர்க்கார் கட்டினாலும் அலைக்குக் கட்சி கிடையாது. சுவர் தேவைப்படும் இடம் உண்டு, சுவரே கொள்கையாகிவிடக்கூடாது.

துறைமுகங்கள்

பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் மீன்பிடித் துறைமுகங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. மீனவர்கள் கேட்டார்கள், தேவையும் இருந்தது. காரைக்காலில் 2009இல் தனியார் சரக்குத் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2023இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. துறைமுகம் எவருடையதாக இருந்தாலும் அதன் சுவர் மணலை மறிக்கும். மறித்த மணலை மறுபக்கம் எடுத்துப் போடுவதற்கு வழியுண்டு. குழாய் வைத்து, மண்வாரிக் கப்பல் வைத்து, உலகின் பல துறைமுகங்களில் செய்கிறார்கள். செலவாகும். அந்தச் செலவை யார் ஏற்பது? லாபம் கம்பெனிக்கு, அரிப்பு குப்பத்துக்கு என்றால் அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. சுவர் கட்டியவனே மணலைக் கடத்திவிட வேண்டும். அது துறைமுக உரிமத்தின் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

மணல்மேட்டை அழித்தவர்கள்

2004 டிசம்பர் 26ஐ நம்மில் யார் மறக்க முடியும்? அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த நாள் ஒரு பாடமும் சொன்னது. உயரமான மணல்மேடு இருந்த இடங்களில் அலையின் வேகம் குறைந்தது. மேடு வெட்டித் திறந்துவிட்டிருந்த இடங்களிலும் ஆற்று வாய்களிலும் நீர் ஊருக்குள் பாய்ந்தது. மணல்மேடு வெறும் மேடல்ல. குதிரில் நாம் வைத்திருக்கும் விதைநெல். புயலில் கரை இழக்கும் மணலை மேடு கொடுத்து ஈடுசெய்கிறது. பிறகு அமைதியான மாதங்களில் அலையும் காற்றும் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் அந்த மணலைப் பிடித்து வைக்கின்றன. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அலையாத்திக் காடு சேற்றைப் பிடித்து வைக்கிறது.

இவற்றை அழித்தது யார்? 1990களில் இறால் பண்ணை முதலாளிகள் இந்தக் கரைக்கு வந்தார்கள். வயலை வாங்கினார்கள், குளம் வெட்டினார்கள், கடல்நீரை உள்ளே இழுத்தார்கள். பக்கத்து வயலும் கிணறும் உப்பாயின. விவசாயத் தொழிலாளிக்கு வேலை போயிற்று. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11ஆம் தேதி, கடலோரக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றும்படி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நடந்தது என்ன? 2005இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பண்ணைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. 1991இல் பிறந்த கடலோர ஒழுங்குமுறை விதிகளும் இப்படியே தேய்ந்து வந்தன. 2019 ஜனவரியில் வந்த புதிய விதி, ஜன நெருக்கமுள்ள கிராமக் கரைகளில் கட்டிடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. கடல் உள்ளே வருகிறது. சர்க்காரின் எல்லைக்கோடு கடலை நோக்கிப் போகிறது!

சுனாமிக்குப் பிறகு ஏழை மீனவனிடம் என்ன சொன்னார்கள்? கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தால் வீடு கட்ட உதவி கிடையாது, தள்ளிப் போ என்றார்கள். உல்லாச விடுதி முதலாளியிடம் அதே கண்டிப்பைக் காட்டினார்களா?

"கடலில் வீணாகும் நீர்"

இப்போது விவசாயத் தோழர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடினால், "இத்தனை டி.எம்.சி. கடலில் வீணாகிறது" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நாமும் அப்படியே பேசிவருகிறோம். குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் வயிறெரிகிறவன் அப்படிப் பேசுவதில் ஆச்சரியமில்லை. ஏரியும் குளமும் வாய்க்காலும் தூர்ந்து கிடப்பதால் சேமிக்க முடியாமல் போகும் நீர் உண்டு. அது வீண்தான், அதற்காகச் சண்டை போடுவோம். ஆனால் கடலுக்குப் போவதெல்லாம் வீண் அல்ல. வெள்ளம்தான் மணலைச் சுமக்கிறது, முகத்துவாரத்தைத் திறக்கிறது, உப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது, மீனுக்கும் இறாலுக்கும் குஞ்சு வளர இடம் தருகிறது.

2007இல் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது; இந்த 14 டி.எம்.சி.யைத் தொடவில்லை. தண்ணீருக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தார்கள். மணலுக்குப் பங்கு ஒதுக்கினார்களா? இல்லை. அந்த வழக்கில் மணலுக்காக வாதாட வக்கீல் இல்லை.

மணலுக்குக் கணக்கு வைத்த நாடுகளும் உண்டு, வைக்காமல் கெட்ட நாடுகளும் உண்டு. எகிப்தில் 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு நைல் டெல்டாவின் முனைகளைக் கடல் தின்றது. பணக்கார அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றைக் கரை கட்டி அடக்கிய லூசியானா மாநிலம், 1932க்குப் பிறகு சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் கடலோர நிலத்தை இழந்தது. மறுபுறம், சீனத்தில் மஞ்சள் ஆற்றின் சியாவ்லாங்டி அணையிலிருந்து, 2002 முதல், திட்டமிட்டுத் தண்ணீரைத் திறந்து வண்டலைக் கடல் நோக்கித் தள்ளினார்கள். நெதர்லாந்தில் 2011இல் ஹேக் நகருக்கு அருகே 2 கோடி கன மீட்டருக்கு மேல் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையே அதைக் கரை நெடுகப் பரப்பும்படி விட்டார்கள். கல் மட்டுமே மருந்து என்பது பொய் என்பதற்காக இவற்றைச் சொல்கிறோம். நமக்கு ஏற்ற வழியை நமது ஆற்றையும் நமது அலையையும் அளந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

ஆகவே, தோழர்களே, நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: கோடியக்கரையிலிருந்து கொள்ளிடம் வரை கரை முழுவதற்கும் ஒரே மணல் கணக்கு வேண்டும். ஊருக்கு ஒரு கல் குவியல் என்கிற திட்டம் வேண்டாம். வருஷா வருஷம் அளந்து, தமிழில் எழுதி, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒட்ட வேண்டும். காரைக்கால் வேறு ஆட்சிக்கு உட்பட்டது என்ற சாக்கு அலைக்குத் தெரியாது; இரண்டு சர்க்கார்களும் சேர்ந்து அளக்க வேண்டும்.

இரண்டு: காவிரியிலும் கொள்ளிடத்திலும் இயந்திரம் வைத்து மணல் அள்ளுவது அடியோடு நிற்க வேண்டும். மாட்டுவண்டித் தொழிலாளிக்கு மாற்று வாழ்வு உறுதி செய்யப்பட வேண்டும்.

மூன்று: அணைகளில் சிக்கிய மண்ணை ஆற்றுக்கே திருப்பும் வழிகளை ஆராய வேண்டும். தூர் வாரும் மணல் காண்டிராக்டரின் சரக்காகிவிடக்கூடாது. முகத்துவாரங்களில் தோண்டும் மணலை அரிபடும் கரையில்தான் போட வேண்டும்.

நான்கு: துறைமுகம் நடத்துகிறவர்கள், தங்கள் சுவர் மறிக்கும் மணலைத் தங்கள் செலவில் மறுபக்கம் சேர்க்க வேண்டும்.

ஐந்து: மணல்மேடுகளையும் அலையாத்திக் காடுகளையும் மீட்க வேண்டும். அந்த வேலையைக் கடலோர ஆண் பெண் தொழிலாளர்களுக்கு நியாயமான கூலியோடு கொடுக்க வேண்டும். விதி மீறிய இறால் குளங்களை மூட வேண்டும்.

ஆறு: உயிருக்கு ஆபத்து வந்துவிட்ட இடத்தில் உடனே சுவர் கட்டலாம். ஆனால் இருபுறத்துக் குப்பங்களையும் கலந்து பேசி, அவர்களுக்கு வரும் பாதிப்புக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும்.

ஏழு: இடம் மாறச் சம்மதிக்கும் குடும்பங்களுக்குக் கடலுக்குப் போய்வரக் கூடிய தூரத்தில் பட்டாவோடு வீடு வேண்டும். அவர்கள் காலி செய்த கரை பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். ஓட்டல் முதலாளிக்குப் போகக்கூடாது.

இவற்றை மனுப் போட்டால் கொடுத்துவிடுவார்களா? தஞ்சை ஜில்லாவின் சரித்திரம் நமக்குத் தெரியும். சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த மண்ணில், தோழர் பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற ஆயிரக்கணக்கான பண்ணையாட்களும் சங்கம் கட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தானாக வந்ததா? நிமிர்ந்து நின்றதால் வந்தது. அந்தச் சங்கத்துக்கு விலையாக 1968 டிசம்பர் 25ஆம் தேதி வெண்மணியில் 44 உயிர்களைக் கொடுத்த ஜில்லா இது. அப்படிப் போராடிப் பெற்ற காணி நிலத்தை உப்புக்குக் கொடுத்துவிட முடியுமா?

கடைமடை என்றால் என்னவென்று டெல்டாக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலே உள்ளவன் மறித்தால் கீழே உள்ளவன் காய்வான். கடைமடை விவசாயி தண்ணீருக்காகக் கேட்கிறான். அந்தக் கடைமடைக்கும் கடைமடையாக உட்கார்ந்திருக்கிற மீனவனுக்கு மணல் வர வேண்டும். இரண்டும் ஒரே ஆற்றின் பாக்கி.

அடுத்த முறை ஒரு குப்பத்தார் கல் கேட்டுச் சாலை மறியல் செய்யும்போது, பக்கத்துக் குப்பமும் பின்னால் இருக்கிற வயல்காரர்களும் அந்த மறியலில் சேர்ந்து உட்கார வேண்டும். கோரிக்கை அட்டையில் கல்லோடு மணலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை கொள்ளிடத்து மணல் குவாரிக்கு எதிராக விவசாயிகள் ஊர்வலம் போகும்போது, பழையாற்றிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் மீனவர்கள் வர வேண்டும். அதற்கான முதல் வேலையாக, இன்று வந்திருக்கும் ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் கரை பத்து வருஷத்தில் எத்தனை அடி குறைந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த வகுப்பில் அந்தக் கணக்கிலிருந்து பேசுவோம்.